வீரம்மாள் வீட்டு மாட்டுக்கு வெடி ஆகாது

பூம்பாறையில் குக்கர் இல்லாத வீடு என்று தேடினால் ஒன்றுதான் அகப்படும். அது வீரம்மாளின் வீடு.

மலைமேல் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது லேசான காரியம் இல்லை. கீழே வத்தலக்குண்டில் பேச்சு முடிவதற்குள் குழைந்துவிடும் துவரம்பருப்பு, இங்கே பானையில் எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே கிடக்கும். குளிரும் உயரமும் அப்படி. அதனால் மலை ஏறி வாழ வரும் பெண்ணுக்குச் சீரில் எது குறைந்தாலும் குக்கர் குறையாது. மன்னவனூரிலிருந்து பூம்பாறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வீரம்மாளுக்கும் ஒன்று வந்தது. இரண்டு மூன்று வருஷம் அதில் சமைக்கவும் செய்தாள். பிறகு ஒருநாள் அதைப் பழைய சேலையில் சுற்றிப் பிறந்த வீட்டு அண்ணியிடம் கொடுத்துவிட்டாள்.

"ரப்பர் சரியில்லை மதினி, ஆவி ஒழுகுது."

அண்ணி வீட்டில் அதே ரப்பரோடு அது பல வருஷம் நன்றாகவே விசில் அடித்தது. அண்ணி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. வீரம்மாள் அன்றிலிருந்து பருப்பை ராத்திரியே ஊறப்போட்டு, வெள்ளனே எழுந்து, விறகடுப்பில் ஏற்றினாள். இன்றுவரை அப்படித்தான்.

அவள் புருஷன் சின்னச்சாமி ராணுவத்தில் லாரி ஓட்டியவர். கார்கில் சண்டை நடந்த சமயத்தில் வடக்கே மலைப்பாதையில் சாமான் ஏற்றிப் போனார். சண்டை ஓய்ந்து அந்த வருஷக் கடைசியில் லீவில் வந்தார். ஆள் இளைத்திருந்தாரே தவிர, கை கால் எல்லாம் சரியாக இருந்தன. ஊர் வந்து பார்த்துவிட்டு, "வேலப்பர் காப்பாத்திட்டாரு" என்று சொல்லிப் போயிற்று. வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவர் நடுவீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து விதைப்பூண்டு உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் மகாதேவி, நடை பழகிய பிள்ளை, பூண்டுத் தோலை ஊதி விளையாடிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது.

வீரம்மாள் திரும்பிப் பார்த்தபோது அவர் தரையில் குப்புறக் கிடந்தார். பிள்ளை அவருக்கு அடியில் இருந்தது. மூச்சு முட்டி அது அழவும்தான் அவர் புரண்டு எழுந்தார். வேட்டியில் ஒட்டிய பூண்டுத் தோலைத் தட்டிவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். இருட்டிய பிறகு வந்து சாப்பிட்டார். குழம்பில் உப்புக் குறைச்சல் என்றார்.

குண்டு விழுவதற்கு முன்னால் ஒரு விசில் வரும் என்று பிறகொரு தடவை, எதையோ பேசும்போது, அவரே சொன்னார். அவ்வளவுதான் சொன்னது. வீரம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. குக்கர் மன்னவனூர் போயிற்று.

குக்கரை அனுப்பிவிடலாம். ஊரை என்ன செய்வது? பூம்பாறைப் படிக்கட்டு வயல்களில் பூண்டு இறங்கும் காலத்தில் காட்டுமாடும் பன்றியும் இறங்கும். ராத்திரிக் காவல் இருப்பவர்கள் வெடியைக் கொளுத்திப் போட்டு விரட்டுவார்கள். சின்னச்சாமி பணி முடிந்து ஊரோடு வந்து சேர்ந்த வருஷம், பூண்டுக் காலம் முழுக்க அவர் தூங்கவில்லை. அவர் தூங்காததால் அவளும் தூங்கவில்லை. தை மாதம் வீரம்மாள் தன் கம்மலை அடகு வைத்து ஒரு கறவை மாடு வாங்கினாள். வாங்கிய வாரத்திலேயே சுற்றி வயல் வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாய்ப் போனாள்.

"மாடு வாங்கிருக்கேன். வெடிச் சத்தம் அதுக்கு ஆகல. பால் சுண்டிப்போகுது. கொஞ்சம் தகரத்தத் தட்டி வெரட்டுனீங்கன்னா புண்ணியமாப் போகும்."

அடுத்த வீட்டுப் பாப்பம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பாப்பம்மாள் வாய் ஊரறிந்த வாய். அன்று அது ஒரே ஒரு வார்த்தையோடு நின்றது.

"மாட்டுக்கா?"

"ஆமா, மாட்டுக்குத்தான்."

"சரி, மாட்டுக்கு ஆகாதுன்னா என்ன செய்ய? வாயில்லா சீவன்" என்றாள் பாப்பம்மாள். அன்று ராத்திரியே அவள் வயலில் எண்ணெய்த் தகரம் முழங்கியது.

அப்படி வந்ததுதான் அந்த வழக்கம். பூம்பாறையின் அந்தச் சரிவில் வெடி கிடையாது. கல்யாணம், தீபாவளி என்று யாராவது சரத்தை எடுத்துக்கொண்டு வந்தால், "ஏலே, வீரம்மா மாட்டுக்கு ஆகாதுலே, அந்தப் பக்கம் போய்ப் போடு" என்று சொல்ல ஆள் இருக்கும். கோயில் தேருக்கு வாணவேடிக்கை உண்டு. அதை நிறுத்தச் சொல்ல முடியாது. அந்த இரண்டு நாளும் மாட்டை ஒரு வண்டியில் ஏற்றி மன்னவனூருக்குக் கொண்டுபோவார்கள். மாட்டுக்குத் துணையாகச் சின்னச்சாமியும் போவார். "மாடு மாமியார் வீட்டுக்குப் போகுதாக்கும்" என்று டீக்கடை வேலுச்சாமி கேலி செய்வான். சின்னச்சாமியும் சிரிப்பார். தேர் பார்க்காத மாடு என்று அந்த மாட்டுக்குப் பேர் வந்தது. அது கிழடானதும் அடுத்த மாடு வந்தது. அதன் பிறகு லீலா. விற்றவர்கள் வைத்திருந்த பேர் அது. லீலா கறந்த பால் வீட்டுக் காப்பிக்கே பற்றாது. தின்பதோ ஒரு தோட்டத்துத் தீனி. மகாதேவி படித்து, நர்சு வேலைக்குக் கோயம்புத்தூர் போன பிறகு ஒவ்வொரு வருகையிலும் கேட்பாள்.

"எதுக்கும்மா இந்த மாட்ட வச்சு இழுத்துக்கிட்டு இருக்க?"

"மாடு இல்லாட்டி வீடு வீடாவா இருக்கும்?" என்பாள் வீரம்மாள். மகள் அப்பாவைப் பார்ப்பாள். அப்பா வேறு பக்கம் பார்ப்பார்.

சின்னச்சாமி ரிட்டையரான பணத்தில் ஒரு ஜீப் வாங்கியிருந்தார். காலையில் கொடைக்கானலுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளை ஏற்றிப் போவார். திரும்பும்போது கடைச் சாமான், ஆள், எது கிடைத்தாலும். வளைவுகளில் அவர் காட்டும் நிதானத்துக்கு ஊரில் பேர் இருந்தது. வண்டியில் உட்கார்ந்துவிட்டால் எந்தச் சத்தத்துக்கும் அவர் பதற மாட்டார். அது ஏன் என்று வீரம்மாள் யோசித்ததுண்டு. விடை கிடைக்கவில்லை, கிடைக்காததில் நஷ்டமும் இல்லை என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகேஷ் என்று ஒருவன் வந்தான். ஒரு வீடியோ சேனல் வைத்திருப்பதாகச் சொன்னான். கேமராவும் விளக்குமாய் வந்து, சின்னச்சாமியைச் சுவரோரமாய் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தான். எடுத்த எடுப்பில், "எத்தனை பேரைச் சுட்டீங்க சார்?" என்றான்.

"நான் டிரைவர் தம்பி."

"சரி சார், செத்தவங்களப் பார்த்தப்போ எப்படி ஃபீல் பண்ணீங்க?"

சின்னச்சாமி அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் ஸ்டீவனைப் பற்றிச் சொன்னார். ஆடலூர்ப் பையன், காப்பித் தோட்டத்து மேஸ்திரி மகன், வரிசையில் இவருக்கு முன்வண்டி ஓட்டியவன். திண்டுக்கல் ஜில்லாக்காரர்கள் இரண்டே பேர் அங்கே. அதனால் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். குண்டு விழுந்து அவன் வண்டியோடு போய்விட்டான், இவர் வண்டி நின்றது. நிதானமாகத்தான் சொன்னார். வீரம்மாளே அவ்வளவையும் அன்றுதான் கேட்டாள்.

வீடியோ வந்தபோது அதில் ஸ்டீவன் இல்லை. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் இருந்தது. அதன்மேல் துப்பாக்கிச் சத்தமும் குண்டுச் சத்தமும் சேர்த்திருந்தான். 'போர் தின்ற மனிதர்' என்று தலைப்பு. அதைப் பேருந்து நிறுத்தத்தில் யாரோ போனில் போட்டுக் காட்ட, அவர் நின்ற வாக்கில் பார்த்தார். அன்றைக்கு ஜீப்பை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. எடுத்தபோது பிள்ளைகள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, குறை சொல்லவில்லை. "பஸ்ஸுலயே போகட்டும்ணே, பாஸ் இருக்குல்ல" என்றார்கள். போன பிள்ளைகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அதனால்தான், கொடைக்கானலிலிருந்து ஜூலியட் என்று ஒரு நிருபர் போன் செய்து, ஞாயிறு இதழுக்கு எழுத வரலாமா என்று கேட்டபோது, வீரம்மாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அவுக ஊர்ல இல்ல" என்றாள். சின்னச்சாமி எதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கிக்கொண்டார்.

அந்தப்புறம் பேசியது வீரம்மாளுக்கும் கேட்டது. ஜூலியட் சண்டையைப் பற்றிக் கேட்க வரவில்லையாம். திரும்பி வந்த பிறகு இத்தனை வருஷம் எப்படி ஓடிற்று என்றுதான் கேட்க வேண்டுமாம். எதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவரே முதலில் சொல்லிவிடலாம். பாதியில் போதும் என்றாலும் எழுந்து போய்விடுவாள். எழுதியதைப் பேப்பருக்கு அனுப்புமுன் வந்து வாசித்துக் காட்டுவாள்.

"வாசிச்சுக் காட்டுறது வழக்கமாம்மா?" என்று கேட்டார் சின்னச்சாமி.

"ஆபீசுல வழக்கம் இல்லண்ணே. எனக்கு வழக்கம்."

போனை வைத்ததும் வீரம்மாள் ஆரம்பித்தாள். "ஒருதடவ பட்டது பத்தாதா? இப்பத்தான் பிள்ளைக வருது ஜீப்புக்கு."

"முந்தி வந்தவன் நான் சொன்னத விட்டுட்டு, சொல்லாததப் போட்டான். நான் சொன்னத ஒருத்தர் போடட்டுமே" என்றார். "அவன் பேராவது வரட்டும்."

பேர் என்றால் ஸ்டீவனின் பேர். வீரம்மாள் அதற்குமேல் மறிக்கவில்லை. ஆனால் காவல் இருப்பது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

ஜூலியட் ஒரு சனிக்கிழமை, மறுநாள் ஜீப் ஓட வேண்டியிராத நாளாகக் கேட்டு, பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். டீச்சர் குரல் இன்னும் போகவில்லை. கேமரா இல்லை. உட்காருமுன், "நீங்க எங்க உக்காந்தா வசதிண்ணே?" என்று கேட்டாள். அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவள் பக்கவாட்டில் ஒரு மணைக்கட்டையைப் போட்டுக்கொண்டாள்.

"சண்டை நடந்த அன்னைக்குப் பத்திக் கேக்காதீங்க" என்றார் அவர்.

"கேக்கல. நீங்களா சொன்னா எழுதிக்கிறேன்."

பிறகு குளிரைப் பற்றிப் பேச்சு வந்தது. வடக்கே போனபோது கூட இருந்தவர்கள் எல்லாம் குளிரில் நடுங்க, பூம்பாறைக்காரருக்கு ஒன்றும் செய்யவில்லையாம். "எங்க ஊரு மார்கழிய நீங்க பாத்ததில்லேன்னேன் அவங்கள்ட்ட" என்றார். ஜூலியட் சிரித்தாள். முதல் முதலாக மலை இறங்கிப் பட்டாளத்துக்குப் போனது, ஜீப் வாங்கியது, முதல் பூண்டு வெள்ளாமை மழையில் போனது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. ஸ்டீவனிடம் அது தானாகவே வந்து நின்றது. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவர் நிறுத்தியபோது அவளும் நிறுத்தினாள். "அப்புறம்?" என்று கேட்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற வீரம்மாள், இப்போது கேட்பாள், இதோ இப்போது என்று எதிர்பார்த்துக் காலை மாற்றி மாற்றி நின்றாள்.

போகும்போது ஜூலியட் அடுப்படிக்கு வந்தாள். "நான் போன பொறகு இன்னைக்கு ராத்திரி அண்ணனுக்குத் தூக்கம் வராம இருக்கலாம்க்கா. யாராச்சும் வீட்டுல இருப்பீங்கள்ல?"

"நான் வேற எங்க போகப் போறேன்?"

ஜூலியட்டின் கண் அடுப்பையும் மண்சட்டியையும் சுற்றி வந்தது. அவளும் மலைக்காரிதான். ஏதோ இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பருப்பு இப்பவே ஏத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். வீரம்மாள், "விறகடுப்புல வெந்தாத்தான் ருசி" என்றாள். இரண்டு பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஜூலியட் வேலுச்சாமியின் டீக்கடையில் உட்கார்ந்தாள். வந்த பொம்பளை எங்கே போய்விட்டு வருகிறாள் என்று ஊருக்கே தெரியும். வேலுச்சாமிக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணன் நல்லாப் பேசுனாராக்கா?"

"பேசுனாரு."

"மாட்டப் பத்திச் சொன்னாரா?"

"என்ன மாடு?"

அதற்குமேல் அவனை நிறுத்த யாரால் முடியும்? வெடி, தகரம், மன்னவனூர்ப் பயணம் எல்லாம் சொல்லிவிட்டான். கெட்ட எண்ணத்தில் இல்லை, பெருமையாகத்தான் சொன்னான். கடையில் இருந்தவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொடுத்தார்கள். ஊரே சிரித்துக்கொண்டு சொல்லும்போது அதில் மறைக்க வேண்டியது எதுவும் இருப்பதாக ஜூலியட்டுக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் போகும்போதே மதுரைப் பேப்பர் ஆபீசுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். இத்தனை கவனமாக வந்து போனவள், அந்த ஒரு இடத்தில் கேட்க மறந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை, சொன்னது போலவே, எழுதியதை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றும் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். ஜூலியட் போனைப் பார்த்து வாசித்தாள். வீரம்மாள் அடுப்பில் காப்பிக்குப் பாலை வைத்துவிட்டுக் கேட்டாள். ஆரம்பம் நன்றாக இருந்தது. ஜீப் வளைவில் திரும்புவது, பிள்ளைகள் இறங்குவது. ஸ்டீவனின் பேர் சீக்கிரமே வந்தது. சின்னச்சாமி ஓரிடத்தில் மட்டும் திருத்தம் சொன்னார். ஒரே தட்டு இல்லை, தட்டு இரண்டு. ஆனால் ஒரு கரண்டிதான் இருந்தது. அவள் திருத்திக்கொண்டாள்.

பிறகு வாசித்தாள்: "பூம்பாறையின் இந்தச் சரிவில் யாரும் வெடி போடுவதில்லை. வீரம்மாள் வீட்டு மாட்டுக்கு ஆகாது என்பார்கள். ஆகாதது மாட்டுக்கு அல்ல என்பது ஊருக்கே தெரியும்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வீரம்மாள் அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"யாரு சொன்னா இத?"

ஜூலியட் நிமிர்ந்தாள். "டீக்கடையில பேசிக்கிட்டாங்கக்கா. எல்லாரும் சொன்னாங்களே."

"அத எடுத்துருங்க."

"ஊருக்கே தெரிஞ்சதுதானேக்கா?"

"தெரியும். தெரியாமலா தகரத்தத் தட்டுறாங்க? ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் என் மூஞ்சியப் பாத்து அத மாடு இல்லன்னு சொன்னது கெடையாது. அவுக மூஞ்சியப் பாத்தும் சொன்னது கெடையாது. நாளைக்குப் பேப்பர்ல வந்துட்டா, பாப்பம்மா எந்த வாயால மாட்டுக்கு ஆகாதும்பா? நான் எந்த வாயால கேப்பேன்? ஜீப்புல பிள்ளைய ஏத்துற தாய்க்காரி என்ன நெனைப்பா?"

ஜூலியட்டின் முகம் மாறிவிட்டது. இருந்தாலும் லேசில் விடவில்லை. "நான் தப்பா எழுதலக்கா. எவ்வளவு அழகான விஷயம் இது. உங்கள மாதிரி இருக்குற நாலு வீட்டுக்கு இது உதவும்னு நெனச்சேன்."

"அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க ஒரு மாட்ட வாங்கிக்கிடட்டும்" என்றாள் வீரம்மாள். "அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பல. ஆனா ஆபீசுக்குப் போன்ல சொல்லிட்டேன். அவங்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்ப ஒண்ணுமே போட வேண்டாம்."

சொல்லிவிட்டுத்தான் வீரம்மாள் புருஷன் பக்கம் பார்த்தாள். ஒன்றுமே போடாவிட்டால் ஸ்டீவனும் போய்விடுவான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அவர் வாசலுக்கு வெளியே, தொழுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லீலா வாலால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா," என்றார் அவர் ஜூலியட்டிடம், "லீலாவுக்கு ஆகாதுன்னே எழுதிருங்களேன். நீங்க எழுதுனா டவுன்ல ஓட்டல்காரங்களும் வெடி போட மாட்டாங்க."

ஜூலியட்டுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "இல்லன்னு தெரிஞ்ச பொறகு அப்படி எழுத முடியாதுண்ணே. எழுதாம விடலாம்."

"அப்ப விட்டுருங்க. மாட்டுக்கு ஆகாதுன்னு ஊர்ல சொல்லிருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் அந்த மாட்டைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. கம்மல் எங்கே என்றும் கேட்டதில்லை. மன்னவனூருக்கு மாட்டோடு போகச் சொன்னபோதெல்லாம் பேசாமல் வண்டியில் ஏறினார். தெரிந்துதான் ஏறினார் என்று வீரம்மாளுக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஆனால் அதை எடுத்துப் பார்த்ததில்லை. இப்போது அது நடுவீட்டில் கிடந்தது. அவள் உள்ளே போய் வழிந்த பாலைத் துடைத்தாள். சாம்பலோடு சேர்ந்து அது பிசுபிசுவென்றிருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலியட் அங்கேயே அந்தப் பத்தியை அழித்தாள். அழித்ததைக் காட்டினாள். பிறகு முற்றத்துக்குப் போய், சிக்னல் கிடைக்கும் மூலையில் நின்று ஆபீசுக்குப் பேசினாள். அடுப்படி ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"இல்ல சார், மாடு வராது... ஆமா, நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, கேக்காமச் சொல்லிட்டேன்... இல்ல சார், அவங்க வீட்டு விஷயம் அது... அப்ப கட்டுரையே வேண்டாம் சார், பரவாயில்ல... படமா? அழற படம்லாம் இல்ல. ஜீப்புப் பக்கத்துல நிக்கிற படம்தான்... தலைப்பு வச்சதும் எனக்குச் சொல்லுங்க. இல்ல, அச்சுக்குப் போறதுக்கு முன்னால சொல்லுங்க."

உள்ளே வந்தவள், "ஞாயித்துக்கிழமை வந்தா வரும்ணே. வராமலும் போகலாம்" என்றாள். "வந்தா, மாடு இல்லாம வரும். அது மட்டும் உறுதி."

"உறுதின்னா?" என்றாள் வீரம்மாள்.

"மாத்தி வந்துச்சுன்னா என் பேரு அதுல இருக்காதுக்கா. நான் வந்து உங்க முன்னால நிப்பேன். அதுக்குமேல என்ன சொல்றதுன்னு தெரியல."

அதற்குமேல் சொல்லியிருந்தால் வீரம்மாள் நம்பியிருக்க மாட்டாள். காப்பியைக் கொடுத்தாள். பால் வழிந்ததுபோக மிஞ்சியதில் போட்ட காப்பி, கறுப்பாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பேப்பர் வரும். வீரம்மாள் அது வருமுன்னே நிறுத்தத்தில் நின்றாள். வேலுச்சாமி கடையைத் திறந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பாய்லரைத் தேய்க்க ஆரம்பித்தான். ஏற்கெனவே பளபளவென்றிருந்த பாய்லர். கட்டு வந்து விழுந்ததும் அவளே கயிற்றை அவிழ்த்து ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு, ஓரமாய்ப் போய் நின்றாள். எட்டாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். ஆனால் அன்று விரல் வைத்து வாசித்தாள்.

'ஜீப் ஓட்டும் சின்னச்சாமியும் ஆடலூர் ஸ்டீவனும்' என்று தலைப்பு. ஜீப்பும் அவரும் படத்தில். முகம் பாதி நிழலில் இருந்தது. கரண்டி வந்திருந்தது. குளிர் வந்திருந்தது. கடைசிவரை வாசித்துவிட்டு, மறுபடி கீழேயிருந்து மேலே ஒருமுறை தேடினாள். மாடு எங்கும் இல்லை.

ஒரே ஒரு தப்பு இருந்தது. சின்னச்சாமி தோட்டத்தில் உருளைக்கிழங்கு விளைவதாகப் போட்டிருந்தார்கள். ஊரில் அன்றைக்கு அதுதான் பேச்சு.

"பூம்பாறைக்காரனப் போயி உருளைக்கிழங்கு போடுறான்னு எழுதிட்டாளே!" என்று பாப்பம்மாள் வாசலில் நின்று கத்தினாள். "டீச்சராம் டீச்சர். மூக்கு இல்லையா அவளுக்கு? ஊருக்குள்ள நுழைஞ்சாலே பூண்டு வாடை அடிக்கலையா?" பிறகு குரலை இறக்கி, "ஏன் வீரம்மா, உன் மாட்டப் பத்தி ஒண்ணும் வரலையே?" என்றாள்.

"மாடு பேட்டி குடுக்கல மதினி."

 "அதுவும் சரிதான். வாயில்லா சீவன்" என்று சொல்லிவிட்டுப் பாப்பம்மாள் உள்ளே போனாள்.

திங்கட்கிழமை ஜீப்பில் எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். அந்த வாரத்தில் ஒருநாள் ஆடலூரிலிருந்து சின்னச்சாமிக்கு ஒரு போன் வந்தது. முற்றத்து மூலையில் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பேசியது குறைவு. யார் என்று வீரம்மாள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஐப்பசியில் லீலா படுத்தது, எழவில்லை. கொடைக்கானலிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வயசு என்றார். தொழுவம் காலியாயிற்று. உடனே இன்னொன்று வாங்க வீரம்மாளுக்குக் கை ஓடவில்லை. அடைமழை வேறு, கீழே சந்தைக்குப் போய்வரப் பாதை சரியில்லை. நாள் ஓடிற்று.

மேல் வயலை அந்த வருஷம் குத்தகைக்கு எடுத்திருந்தவன் ராஜமுருகன் என்று ஒருவன், தேனிப் பக்கத்துக்காரன். ஒருநாள் பொழுது சாயும் நேரம் பன்றி இறங்கியதென்று ஒரு கட்டு வெடியோடு வரப்பில் வந்து நின்றான். வீரம்மாள் மறுநாளுக்குப் பருப்பைக் களைந்துகொண்டிருந்தாள். சின்னச்சாமி வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாப்பம்மாளின் குரல் சரிவு முழுக்கக் கேட்டது.

"ஏலே! வெடியக் கீழ போடு! வீரம்மா மாட்டுக்கு ஆகாதுன்னு உனக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

"எந்த மாட்டுக்குங்க? தொழுவம் காலியாவுல்ல கெடக்கு?"

"மாடு இல்லாட்டி என்ன, தொழுவம் இருக்குல்ல. வெரசாத் தகரத்த எடுலே!"

சற்று நேரத்தில் மேலே தகரம் முழங்கத் தொடங்கிற்று. புதுக்கை, தாளம் சேரவில்லை. சின்னச்சாமி துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார்.

"சந்தைக்கு எப்பப் போற?"

"மழை விடட்டும்."

"இந்தத் தடவையாவது கறக்குற மாடாப் பாத்து வாங்கு" என்றார்.

வீரம்மாள் பருப்பில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தாள். "கறக்குற மாடுன்னா வெல கூட" என்றாள். "நீங்களும் கூட வாங்க, பாத்து வாங்கலாம்."